வாடகை வீட்டில் பழைய சாமான்: டெல்டா குடித்தனக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். ஒரு கூடம், ஒரு அறை, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் சமையலறை, மொத்தம் 380 சதுர அடி. இந்த வீட்டில் கடையில் புதிதாக வாங்கிய மரச்சாமான் கட்டில் மட்டும்தான். மற்றவை எல்லாம் இடித்த வீடுகளிலிருந்தும், பாகம் பிரித்த குடும்பங்களிலிருந்தும், காயலான் கடைகளிலிருந்தும் வந்தவை. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் மாற்றலாகி வருபவர்கள், அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள், புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

எங்கிருந்து தொடங்குவது? கடைக்குப் போனால் எல்லாமே அழகாக இருக்கிறதே.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டைப் பாருங்கள். சாவியை எங்கே வைக்கிறீர்கள், ஈரத் துண்டு எங்கே தொங்குகிறது, வந்தவர்கள் எதில் உட்காருகிறார்கள், மாலையில் எந்த மூலை இருட்டாகிறது என்று குறித்து வையுங்கள். வாங்க வேண்டிய பட்டியல் அதுதான். அழகுக்கென்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. தேவைக்கு வரும் சாமான் நல்ல மரமாகவோ நல்ல உலோகமாகவோ இருந்தால் அழகு தானாக வந்து சேரும்.

அடுத்தது இஞ்சி டேப். சுவரை மட்டும் அளந்தால் போதாது. வாசற்படியின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், பரணுக்குக் கீழே உள்ள உயரம் மூன்றையும் அளந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் போர்ஷன் வீடுகளில் மாடிப்படி ஒடுக்கமாகத்தான் இருக்கும். பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் தேக்குப் பெட்டகம் ஒன்றைப் பேசி முடித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். படித் திருப்பத்தில் அது திரும்பவே இல்லை. வண்டி வாடகை இரண்டு தடவை கொடுத்து அதைத் திருப்பி அனுப்பினேன்.

நல்ல பழைய சாமான் எங்கே, எப்போது கிடைக்கும்?

எப்போது என்பதை முதலில் சொல்கிறேன், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனிக் கடைசியிலும் கார்த்திகைக் கடைசியிலும் அவசர அவசரமாகக் காலி செய்வார்கள். வண்டியில் ஏறாத சாமான் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பள்ளி மாற்றலும் ஆபீஸ் மாற்றலும் நடக்கும் வைகாசி, ஆனியும் நல்ல காலம். இன்னொன்று போகி. அதற்கு முந்தைய வாரமே வெள்ளையடித்து ஒழிப்பார்கள். அந்த வாரம் அக்கம்பக்கத்தில் "எரிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். எனக்குக் கிடைத்த மூன்று மணைப்பலகைகளும் அப்படி வந்தவைதான்.

எங்கே என்றால், காயலான் கடை தெரிந்ததே. அதைவிட நல்லது பழைய மரக்கடை. திண்ணையும் ரேழியும் முற்றமும் வைத்த வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது கதவு, நிலை, ஜன்னல், தூண், உத்தரம் எல்லாம் அங்கேதான் போகும். பித்தளைக்குப் பாத்திரக் கடைகள். பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது எடுப்பவர்கள் நிறைய. அந்தப் பழைய குவியல் உருக்கப் போவதற்குமுன் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கும்பகோணத்தில் நான் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை.

விலை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பித்தளை, வெண்கலம், செம்பு மூன்றும் எடைக்கணக்கு. அன்றைய பழைய விலையை இரண்டு கடைகளில் விசாரித்துவிட்டுப் போங்கள். அதற்குமேல் கேட்பது வேலைப்பாட்டுக்கான கூலி, அதைப் பேசித் தீர்க்கலாம். சின்னக் காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். பித்தளை என்று சொல்லும் சாமானில் அது ஒட்டினால் உள்ளே இரும்பு. வெண்கலத்தைச் சுண்டினால் மணி மாதிரி ஓசை நீண்டு நிற்கும், பித்தளையில் சட்டென்று அடங்கும். மரம் கன அடிக் கணக்கு. ஆனால் கதவு, நாற்காலி போன்ற செய்த பொருளை உருப்படியாகத்தான் பேசுவார்கள். தூக்கிப் பாருங்கள், கனமில்லாத தேக்கைச் சந்தேகப்படுங்கள்.

சின்ன வீட்டுக்கு எந்தச் சாமான்களைச் சொல்வீர்கள்?

ஒரு பொருள் குறைந்தது இரண்டு வேலையாவது செய்ய வேண்டும். காலி செய்யும்போது இரண்டு பேர் தூக்க முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்துவதைத்தான் நான் எடுப்பேன்.

முதலில் இரும்பு ட்ரங்குப் பெட்டி. எனக்கு 200 ரூபாய்க்குக் கிடைத்தது, வெளியெல்லாம் துரு. உப்புத்தாளால் தேய்த்து (பழைய பெயின்ட் இருந்தால் எப்படித் தேய்ப்பது என்று கீழே சொல்லியிருக்கிறேன்), ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டு, மேலே கரும்பச்சை எனாமல் இரண்டு கோட்டு. நான்கு செங்கல்மேல் வைத்து மேலே இலவம்பஞ்சுத் திண்டு போட்டேன். ஜன்னலோரத்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை அது. உள்ளே குளிர்காலப் போர்வையும் கொலு பொம்மையும் இருக்கின்றன.

அப்புறம் ஊஞ்சல் பலகை. டெல்டாவின் பழைய வீட்டுக் கூடங்களில் ஊஞ்சல் இல்லாத வீடு குறைவு. சங்கிலியும் கம்பியும் தனியாக எடைக்குப் போய்விடும், பலகை மட்டும் மூலையில் சாய்ந்து கிடக்கும். நல்ல தேக்கு, எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பானது. அதற்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். இரண்டு மணைப்பலகை அடுக்குகள்மேல் வைத்தால் தரையில் உட்கார்ந்து காபி குடிக்க, எழுத, பிள்ளைகள் படிக்க மேசையாகிறது. விருந்து வந்தால் மணைகளை உருவி எடுத்து உட்காரக் கொடுத்துவிடலாம். வாடகை வீட்டு உத்தரத்தில் பழைய ஊஞ்சல் வளையம் இருந்தாலும், வீட்டுக்காரரையும் ஒரு கொத்தனாரையும் கேட்காமல் அதில் பாரம் ஏற்ற வேண்டாம்.

பழைய இரட்டைக் கதவில் ஒரு பாதியை வாங்குங்கள். ஒன்றரை அடி அகலம்தான் இருக்கும் என்பதால் நிறையப் பேர் ஒதுக்கிவிடுவார்கள். சின்ன அறைக்கு அந்த ஒடுக்கம்தான் வரம். பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்பு ஸ்டாண்டின்மேல் அதைப் படுக்கவைத்துத் திருகினால் எழுதும் மேசை தயார். கதவில் குமிழும் செதுக்கலும் இருந்தால் மேலே அளவாக ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நோட்டு சமமாக நிற்கும். மிதியைக் கம்பியால் கட்டிவிட வேண்டும், குழந்தை விரல் மாட்டும்.

கொலுப்படியை நவராத்திரிக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மூன்று படி உள்ள பழைய மரக் கொலுப்படி மீதி நாளெல்லாம் புத்தக அலமாரியாகவோ துளசியும் கற்பூரவல்லியும் வைக்கும் படியாகவோ இருக்கும். வெற்றிலை வைக்கும் செல்லப்பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் சாவி, சில்லறை, பஸ் டிக்கெட் எல்லாம் அதில் அடங்கும். ஊறுகாய் ஜாடியில் கரண்டிகள், நெல் அளக்கும் மரக்காலில் பூச்செடி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் காட்சிக்கு வைத்தால் பாத்திரக் கடை மாதிரி ஆகிவிடும். ஒரு சுவருக்கு ஒன்று போதும்.

பிரம்பு நாற்காலி பின்னல் அறுந்து கிடந்தால் விட்டுவிடாதீர்கள். சட்டம் ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொள்ளிடத்தை ஒட்டிய தைக்கால் கிராமம் பிரம்பு வேலைக்கும் கோரைப்பாய்க்கும் பேர்போனது. சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும்போது சாலையோரக் கடைகள் கண்ணில் படும், மறுபின்னல் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

பழைய புடவையைத் திரையாக்கலாமா?

தாராளமாக. சாதாரணப் புடவை ஐந்தரை மீட்டர். ஏழடி வாசலுக்கு இரண்டு துண்டு வெட்டி மடித்துத் தைத்தாலும் ஒரு மீட்டருக்குமேல் மிஞ்சும், அதில் திண்டு உறை ஆகும். பாட்டியின் ஒன்பது கஜம் இருந்தால் எட்டு மீட்டருக்குமேல் இருக்கும், ஒரு சின்ன வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் அதுவே வரும். பருத்திப் புடவைதான் திரைக்கு நல்லது. கூறைநாட்டுப் புடவை போலப் பட்டு கலந்ததையோ திருபுவனம் பட்டையோ வெயில்படும் ஜன்னலில் போட்டால் இழை இற்றுவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் பின்னால் பழைய வேட்டியை வைத்துத் தையுங்கள்.

வாடகை வீடுகளில் கதவில்லாத சிமென்ட் அலமாரி ஒன்று நிச்சயம் இருக்கும். வீடு கலைந்து தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு ஸ்பிரிங் கம்பியை இரண்டு கொக்கியில் மாட்டிப் புடவைத் துண்டைத் தொங்கவிடுங்கள். இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது இதுவே.

வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூடாது என்கிறார். படம், கண்ணாடி எல்லாம் எப்படி மாட்டுவது?

மாட்டாமலே வைக்கலாம். நிலைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வையுங்கள், அடி வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு போதும். குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் சாய்த்து வைக்கவே கூடாது. பரண் விளிம்பு, ஜன்னல் கம்பி, ஏற்கெனவே இருக்கும் ஆணிகள் இவற்றை முதலில் எண்ணுங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும். பழைய மூங்கில் ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்தால் துண்டு, படுக்கை விரிப்பு, தொங்கும் செடி எல்லாம் அதில் ஏறும்.

ஒட்டும் கொக்கிகள் பெயின்ட் சுவரில் நிற்கும், சுண்ணாம்பு அடித்த சுவரில் நிற்காது. கையால் தடவிப் பாருங்கள், வெள்ளை ஒட்டினால் அந்தச் சுவரில் பாரம் எதையும் நம்பி ஒட்ட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறுகிறது. எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கிறதே?

இது நம் ஊரின் உண்மையான சிக்கல், கீழ்ப் போர்ஷனில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். நிறையப் பேர் கறையை மறைக்கப் பாயையோ துணியையோ சுவரோடு ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். அது உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும், தை மாதம் எடுத்தால் பாயும் போயிருக்கும், சுவரும் போயிருக்கும். ஓதச் சுவரைத் திறந்தே விடுங்கள். மரச்சாமானைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், கால்களுக்கு அடியில் ஓட்டுத் துண்டோ கருங்கல் சில்லோ வையுங்கள். அந்தச் சுவரில் அழகுக்கு என்ன செய்வது என்றால் ஈரம் பாதிக்காத பொருள்: பீங்கான் தட்டு, பித்தளைத் தாம்பாளம், கண்ணாடி ஜாடி.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு இருக்கிறது. அங்கே இரும்பைக் குறைத்து மரம், பிரம்பு, பித்தளை என்று போவதே நல்லது.

கரையான், உளு, மூட்டைப்பூச்சி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். வாங்கும்போது மரத்தைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றுச் சத்தம் வந்தால் வேண்டாம். சிறு துளைகள் மட்டும் இருந்தால் அது பழையதா, இப்போதும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமானை ஒரு வாரம் வெளியே செய்தித்தாள் விரித்து அதன்மேல் வையுங்கள். தாளில் புது மாவு கொட்டியிருந்தால் உளு உயிரோடு இருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் பூச்சி மருந்தைக் கையுறை போட்டுக்கொண்டு ஊசியால் துளைகளுக்குள் செலுத்தி, மெழுகால் அடைத்துவிடுங்கள். வைரம் பாய்ந்த தேக்கில் இந்தத் தொல்லை குறைவு, மாமரத்தில் அதிகம்.

பழைய மெத்தையும் துணி வைத்துத் தைத்த சோபாவும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு போர்ஷனுக்கு வந்தால் மூன்று போர்ஷனுக்கும் போகும், அக்கம்பக்கத்தாரோடு மனக்கசப்பு வரும். இரும்புக் கட்டில் வாங்கினால் இணைப்புகளில் எல்லாம் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். இலவம்பஞ்சு உங்கள் வீட்டுப் பழையதே இருந்தால் பஞ்சடிப்பவரிடம் கொடுத்துப் புது உறை போட்டுக்கொள்ளலாம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசலாமா?

இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் இருக்கும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல், தொட்டில் எதையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் நனைத்துத் தேய்க்கும் தாளை வாங்கி, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். கழிவைத் தாளில் சுருட்டி அப்புறப்படுத்துங்கள், வாய்க்காலில் கழுவி விடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பழைய பெயின்ட் அடித்த தொட்டிலில் குழந்தையைப் போடவும் வேண்டாம்.

பித்தளையை எப்படித் துலக்குவது? அதில் சமைக்கலாமா?

புளியும் கல் உப்பும், அப்புறம் விபூதி அல்லது செங்கல் தூளால் ஒரு தேய்ப்பு, உடனே துணியால் துடைக்க வேண்டும். காட்சிக்கு வைப்பதை வாராவாரம் துலக்காதீர்கள், அந்தப் பழுப்பு நிறமும் அழகுதான். உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு, ரசம், மோர் எதுவும் வைக்கக்கூடாது.

பழைய சாமி சிலை, தஞ்சாவூர் ஓவியம் கிடைத்தால் வாங்கலாமா?

சிலையைத் தொடவே தொடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், சுவடிக்கு 75 வருடம். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிலையைப் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டத்துக்கும் மேலே ஒரு விஷயம் உண்டு. திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் லண்டன்வரை விற்கப்பட்டு, அங்கே வழக்கு நடந்து, 1991இல்தான் நாடு திரும்பினார். நம் மாவட்டங்களின் கோயில்கள் இப்படி இழந்தவை கொஞ்சநஞ்சமல்ல. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய வெண்கலச் சிலை ஒரு கோயிலின் இழப்பாக இருக்கலாம். சிலை வேண்டும் என்றால் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் புதிதாக வாங்குங்கள், சின்னதே போதும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் நம் காலத்தில் வரைந்த பழையவை மறுவிற்பனைக்கு வரும், அவை வாங்கத் தக்கவை. சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து மேடாக்கி அதன்மேல் தங்கத்தாள் ஒட்டுவதால் ஈரத்துணி படக்கூடாது, ஓதச் சுவர் ஆகவே ஆகாது. மென்மையான தூரிகையால் கண்ணாடியின் தூசியை மட்டும் தட்டுங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பாகம் பாகமாகத் திருகிச் சேர்க்கும் அமைப்பு. தட்டோ தண்டோ குறைந்து கிடைத்தால் அந்த ஊர்ப் பட்டறைகளில் பொருத்தமானது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பழைய விளக்கு, ரேடியோ?

ரேடியோவைப் பார்க்க மட்டும் வையுங்கள், பிளக்கில் சொருகாதீர்கள். விளக்குக்கு எலக்ட்ரீஷியனிடம் புது வயரும் ஹோல்டரும் போட்டு எல்இடி பல்பு மாட்டுங்கள். அரிக்கேன் விளக்குக்குள் பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி வைத்தால் இருட்டு மூலைக்கு இதமான வெளிச்சம்.

அடுத்தவர் வீட்டுச் சாமானை நம் வீட்டில் வைக்கலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்.

அம்மாவின் மனதைச் சங்கடப்படுத்திக்கொண்டு எதுவும் வேண்டாம். விளக்கு, பூஜைச் சாமான், கண்ணாடி இவற்றை விட்டுவிட்டுப் பெட்டி, பலகை, ஜாடி என்று ஆரம்பியுங்கள். எங்கள் பாட்டி, புளி போட்டுத் துலக்கி ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் எந்தப் பாத்திரமும் நம் பாத்திரம்தான் என்பார். நான் அதைப் பின்பற்றுகிறேன்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது. நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள். நான் வாங்கிய தவலையின் கழுத்தில் ஒரு பெண்ணின் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. கடைக்காரர் அதைத் தேய்த்துத் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் இந்தத் தவலையில் எத்தனை ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் மொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பெயரை அழிக்காதீர்கள். படச் சட்டத்துக்குள் யாருடைய குடும்பப் புகைப்படமாவது இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து, விற்ற வீட்டாருக்கே போகும்படி கடைக்காரரிடம் கொடுங்கள். சட்டம் மட்டும் நமக்குப் போதும்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களே?

குடிவந்த அன்றே சுவர், தரை, குழாய், இருக்கும் ஆணிகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளையடிப்பது யார் பொறுப்பு, ஆணி அடிக்கலாமா, கொக்கி போடலாமா என்பதை அதிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முந்தைய வீட்டில் வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை இழந்தேன். இந்த வீட்டில் நாலே வரி எழுதிக்கொண்டோம், ஒன்பது வருடமாக ஒரு பேச்சு வந்ததில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் போட்ட துளைகளை வெள்ளை சிமென்ட்டால் அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, அதே பெயின்ட்டைத் தொட்டுவிடுங்கள். பெரிய சாமானில் எதைக் கொண்டுபோக முடியாதோ அதைக் காயலான் கடைக்குப் போடுமுன் பக்கத்துப் போர்ஷனில் கேளுங்கள். ஸ்பிரிங் கம்பியையும் கொக்கிகளையும் கடைசியாகக் கழற்றுங்கள், வரப்போகும் குடித்தனக்காரர் வீடு பார்க்க வந்தபோது அந்தப் புடவைத் திரையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம்.